இரண்டாவது சாவியைத் தொடாதீர்கள்

கேள்வி: நான் ஓர் ஆசிரியர். இடமாற்றம் கிடைத்து வெள்ளவத்தையிலிருந்து கோண்டாவிலுக்குக் குடும்பத்தோடு வந்தோம். சாமான்களை லொறியில் முன்னே அனுப்பிவிட்டு, 72 வயது அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நான் காரில் பின்னால் வந்தேன். கார் வாங்கி ஐந்து கிழமைதான் ஆகியிருந்தது. மாங்குளம் தாண்டியதும் சூட்டு ஊசி மேலே ஏறுகிறது என்று மனைவி சொன்னா. முறிகண்டிக் கோயில் வரை போய்விடலாம் என்று ஓட்டினேன். கோயிலுக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்கும்போது கார் நின்றுவிட்டது. வெயிலில் நான்கு மணிநேரம் ரோட்டோரம் இருந்தோம். கிளிநொச்சியில் ஒரு கராஜ் வந்து இழுத்துப் போனது. 'ஒன்றரை லட்சத்துக்குள் முடியும்' என்று போனில் சொன்னார்கள். இப்போது பில் 385,000 ரூபா. முழுக்கத் தராமல் கார் தரமாட்டோம் என்கிறார்கள், அம்மாவையும் மரியாதையில்லாமல் பேசினார்கள். இதற்கிடையில் லொறிக்காரர் வீடு பூட்டியிருந்ததால் காத்திருந்த காசு கேட்டு வாங்கினார், அலுமாரிக் கண்ணாடியும் உடைந்துவிட்டது. கார் விற்றவர் போனை எடுப்பதில்லை. எல்லோர் மீதும் வழக்குப் போட வேண்டும். காரின் இரண்டாவது சாவி என்னிடம் இருக்கிறது. 'உன் கார்தானே, இரவில் போய் எடுத்துக்கொண்டு வருவோம்' என்கிறார் மச்சான். எடுக்கலாமா?

பதில்: எடுக்கக்கூடாது. மிச்சத்தை வாசிக்க நேரமில்லையென்றால் இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் நீண்ட கடிதம் எழுதி (மேலே இருப்பது அதன் சுருக்கம்), பில்லின் படத்தையும் கராஜ்காரரோடு நடந்த வட்ஸ்அப் உரையாடலையும் இணைத்திருக்கிறீர்கள். கடிதத்தை விட உரையாடல்தான் எனக்கு முக்கியம். கார் கராஜுக்குப் போன மறுநாள் காலை நீங்கள் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறீர்கள்: "செய்யுங்கோ அண்ணை, கார் ஓடினால் காணும்." நான்காம் நாள் அவர் எஞ்சினின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பைக் காட்டும் படம் அனுப்பி, "ஹெட் மாத்தவேணும்" என்று எழுதியிருக்கிறார். நீங்கள் கட்டைவிரல் உயர்த்திய படத்தைப் பதிலாக அனுப்பியிருக்கிறீர்கள். இந்த வழக்கில் சட்டம் பார்க்கப்போவது இந்த இரண்டையும்தான்.

வெயில், அம்மாவின் அலைச்சல், கராஜ்காரரின் வாய் எல்லாம் எனக்கும் மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவற்றுக்கு நீதிமன்றத்தில் காசு இல்லை. லொறிக்காரருக்குக் கொடுத்த காத்திருப்புக் காசை மறந்துவிடுங்கள். வீடு பூட்டியிருந்தது அவர் பிழையல்ல. கண்ணாடிக்கு வேண்டுமானால் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கலாம், வழக்கு வேண்டாம். காப்புறுதியையும் எதிர்பார்க்காதீர்கள். முழுக் காப்புறுதி இருந்தாலும் அது விபத்துக்கானது, இயந்திரம் பழுதாவதற்கு அல்ல.

கார் விற்றவர் விடயத்திலும் எனக்கு நம்பிக்கை குறைவு. அவர் வாகன வியாபாரி இல்லை, தன் சொந்தக் காரை விற்ற தனியாள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் பொருளின் தரத்துக்குத் தரும் மறைமுகமான உறுதி, அந்த வகைப் பொருளையே தொழிலாக விற்பவர் மீதுதான் முக்கியமாக விழும். சூடு ஏறக் காரணமான ரேடியேற்றர் ஒழுக்கை அவர் தெரிந்தே மறைத்தார் என்றால் கதை வேறு. ஆனால் தெரிந்திருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதைக் காட்டினாலும் உங்கள் கடிதத்தின் ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஊசி ஏறியதைக் கண்ட பிறகும் ஓட்டினீர்கள். ஒழுகும் ரேடியேற்றர் சின்னச் செலவு. தண்ணீர் இல்லாமல் ஓடி ஹெட் வெடித்ததுதான் பெரிய செலவு. "மனைவி சொன்னா, நான் ஓட்டினேன்" என்பதை எதிர்த் தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியிலேயே உங்கள் வாயால் வாங்கிவிடுவார்.

சரி, இனி கராஜ். இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில், ஒரு பொருளைத் திருத்தியவருக்குத் தன் கூலியும் செலவும் கிடைக்கும் வரை அதைத் தன் கையில் வைத்திருக்கும் உரிமை உண்டு. பொருள் அவர் கையில் இருக்கும் வரைதான் அந்த உரிமை இருக்கும். அதனால்தான் அவர் காரை விடமாட்டேன் என்கிறார். நீங்கள் இதைக் கொள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். கொள்ளை அல்ல. அவருக்கு ஒரு சதமும் கடன் இல்லையென்றால் அவர் காரை வைத்திருப்பது பிழை. ஆனால் நீங்களே ஒன்றரை லட்சம் நியாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் இருக்கிறது என்பதை இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிறீர்கள். தகராறு தொகையில் மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் நான் பயப்படுகிறேன். "என் கார், என் சாவி, நான் எடுத்தால் யார் கேட்பது" என்று நம்பி எத்தனையோ பேர் என்னிடம் பிந்தி வந்திருக்கிறார்கள். 1883ஆம் ஆண்டின் நம் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். களவு என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, அந்தப் பிரிவே உதாரணங்களும் தருகிறது. அதில் இரண்டு, கடிகாரம் திருத்தக் கொடுத்த ஒருவரைப் பற்றியவை. முதலாவதில், திருத்துபவருக்கு அவர் எந்தக் கடனும் கொடுக்க வேண்டியதில்லை. கடைக்குள் பகிரங்கமாகப் போய்த் தன் கடிகாரத்தைப் பலவந்தமாகப் பிடுங்கி வருகிறார். அத்துமீறலும் தாக்குதலும் ஆகலாம், ஆனால் அது களவு அல்ல. இரண்டாவதில், திருத்திய கூலி பாக்கி இருக்கிறது, அதற்கு ஈடாகத் திருத்தியவர் கடிகாரத்தைச் சட்டப்படி வைத்திருக்கிறார். அந்த ஈட்டை இல்லாமற் செய்யும் எண்ணத்தோடு சொந்தக்காரர் அதை எடுத்துப் போகிறார். அது களவு. தன் சொந்தக் கடிகாரத்தை எடுத்தவர் களவாளியாகிறார்.

கடிகாரம் என்ற இடத்தில் கார் என்று போட்டு வாசியுங்கள். நீங்கள் எந்த உதாரணத்தில் நிற்கிறீர்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. மச்சான் சொன்ன "இரவில் போய்" என்ற சொல், எண்ணம் என்னவென்பதற்குச் சான்றாகிவிடும். களவுக்கு மூன்று வருடம் வரை சிறை விதிக்கலாம். அரச ஆசிரியர் ஒருவர் மீது நீதவான் நீதிமன்றத்தில் களவு வழக்கு இருந்தால் சம்பளமும் பதவியும் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தென்மராட்சியில் இருந்து ஒருவர் என்னிடம் வந்தார். கராஜோடு அவருக்கும் இதே தகராறு. விடியப்புறம் மேலதிக சாவியோடு போய்த் தன் வானை எடுத்து வந்துவிட்டார். பத்து மணிக்குக் கராஜ்காரர் பொலிஸில் நின்றார். பொலிஸ் வானை வழக்குப் பொருளாக எடுத்துப் பொலிஸ் வளவில் நிறுத்தியது. கராஜில் நின்ற வரைக்கும் வான் கூரைக்குக் கீழே நின்றது. பொலிஸ் வளவில் மாரி மழை முழுக்க வெளியில் நனைந்தது. நீதவானிடம் விண்ணப்பம் போட்டு, உத்தரவாதம் கட்டித்தான் அது வெளியே வந்தது. கடைசியில் கராஜ்காரர் கேட்ட தொகையை முழுக்கக் கொடுத்து, முறைப்பாட்டை விடும்படி அவரிடம் கெஞ்ச வேண்டியும் வந்தது. பேரம் பேசும் பலம் முழுக்க அந்த ஒரு விடியலில் போய்விட்டது. உங்களுக்கு அந்தப் பலம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இதற்கு ஒரு தம்பி முறையும் உண்டு. காசோலை கொடுத்துக் காரை எடுத்துவிட்டு, வங்கிக்குப் போன் பண்ணி அதை நிறுத்துவது. புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்கிறார்கள். வேண்டாம். முதலில் நம்பவைத்துப் பிறகு ஏமாற்றினீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே உங்கள் கையெழுத்தோடு சான்று கொடுத்தவர் ஆவீர்கள்.

இன்னொரு யோசனையும் உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்: செய்த வேலைக்கான கூலிக் கடன் ஒரு வருடத்தில் காலாவதியாகும், அதுவரை பேசாமல் இருங்கள் என்று. காலவரைக் கட்டளைச் சட்டத்தில் ஒரு வருடம் என்பது உண்மைதான். ஆனால் காலாவதி உங்கள் காரைக் கோண்டாவிலுக்குக் கொண்டுவந்து தராது. ஒரு வருடம் ஓடாமல் நின்ற காரின் பற்றரி, டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரு தனி பில் வரும்.

இனி பில்லைப் பார்ப்போம். இழுத்துப் போன கூலி 18,000. ஹெட் 140,000. கெஸ்கற் செற் 35,000. ரேடியேற்றர் 50,000. கூலன்ற், ஒயில் 12,000. வேலைக் கூலி 95,000. கடைசி வரி, வேலை முடிந்த பிறகு 35 நாள் தரிப்புக் காசு, நாளுக்கு 1,000 படி 35,000.

ஹெட்டுக்கு நீங்கள் தப்ப முடியாது. படம் பார்த்தீர்கள், விரல் காட்டினீர்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, எழுத்தில் இல்லை, போனில்தான் இருக்கிறது என்ற வாதம் எடுபடாது. விலை சொல்லவில்லையே என்பீர்கள். நீங்களும் கேட்கவில்லை. விலை பேசாமல் வேலை கொடுத்தால் நியாயமான விலை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் சொன்ன ஒன்றரை லட்சம், ஹெட்டைக் கழற்ற முன் சொன்ன மதிப்பு. அதன் பிறகு "கார் ஓடினால் காணும்" என்று சொன்னது நீங்கள். இந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். அவருடைய போனில் எல்லாம் இருக்கும், உங்கள் போனில் மட்டும் இல்லாவிட்டால் பொய் சொல்கிறவர் நீங்கள் என்றுதான் படும்.

ரேடியேற்றர் பற்றி உரையாடலில் ஒரு சொல்லும் இல்லை. அது பேசலாம். தரிப்புக் காசுக்கு நீங்கள் சம்மதித்ததே இல்லை, தனக்கு வரவேண்டிய காசுக்காகத் தானே வைத்திருக்கும் காருக்கு அவர் வாடகை கேட்கிறார். அது முழுக்க விழ வேண்டும். வேலைக் கூலி எனக்குக் கூடவாகப் படுகிறது, ஆனால் நான் மெக்கானிக் இல்லை.

ஆகவே நான் சொல்வது: முடித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு, பகலில், கராஜ் திறந்திருக்கும் நேரத்தில் கிளிநொச்சிக்குப் போங்கள். மச்சானை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். கழற்றிய ஹெட்டையும் பழைய ரேடியேற்றரையும் காட்டச் சொல்லுங்கள். அவை உங்கள் பொருட்கள், கேட்டு வாங்கிக் காரின் டிக்கியில் போடுங்கள். விற்றவர் மீது எப்போதாவது எதையாவது சொல்லப் போகிறீர்களென்றால் அந்தப் பழைய ரேடியேற்றர்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று. பழைய பொருட்களைக் காட்ட முடியாமல் கராஜ்காரர் தடுமாறினால் பேரம் உங்கள் பக்கம் திரும்பும்.

300,000த்தில் தொடங்குங்கள். 325,000 வரை போகலாம். அதற்கு மேல் கேட்டால் திரும்பி வாருங்கள், மத்தியஸ்த சபைக்குப் போவோம். இந்தத் தொகைக்கு, இணக்கம் ஏற்படவில்லை என்ற அதன் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எப்படியும் எடுக்காது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் எழுதலாம், சேவை கிடைத்து 3 மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். உங்களுக்கு ஏழு கிழமை போய்விட்டது. வழக்கு என்று வந்தால் அது யாழ்ப்பாணத்தில் அல்ல, ஒப்பந்தம் நடந்த, எதிராளி இருக்கிற கிளிநொச்சியில். ஒவ்வொரு தவணைக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு, பயணம், சட்டத்தரணிக்கு ஒரு தொகை. இப்போது அம்மாவைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடித்துக் கொண்டு போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் நியாயம் என்கிற தொகைக்கும் நான் சொல்கிற தொகைக்கும் இடையில் 175,000. வழக்கில் வென்றாலும் அதில் எவ்வளவு மிஞ்சும்?

முழுத் தொகை கட்டாமல் விடமாட்டேன் என்று அவர் நின்று, கார் உங்களுக்கு உடனே தேவை என்றால் ஒரு வழி இருக்கிறது. கட்டுங்கள், ஆனால் பற்றுச்சீட்டின் இரண்டு பிரதியிலும் 'ஆட்சேபணையுடன் செலுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். எழுத விடவில்லையென்றால் கட்டுவதற்கு முன்பே அதையே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 'வேலை முழுத் திருப்தி, கணக்கு முடிந்தது' என்று அச்சிட்ட தாளில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். அதில் வைத்தால் பிறகு மீதியைத் திருப்பிக் கேட்க முடியாது. நிம்மதியில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தின் கடைசியில் சாதாரணமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: காரின் பதிவுப் புத்தகம் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில், கையெழுத்து வைத்த வெறும் மாற்றப் படிவங்களோடு இருக்கிறது என்று. 14 நாளில் மாற்றியிருக்க வேண்டியது ஐந்து கிழமையாகக் கிடந்திருக்கிறது, இப்போது அதற்கு மேலும் ஏழு கிழமை. இரவில் போய்க் காரை எடுத்து, வழியில் பொலிஸ் மறித்தால், அது உங்கள் கார் என்று காட்ட ஒரு தாளும் உங்கள் பெயரில் இருந்திருக்காது. நாளைக்கே அந்த வேலையைப் பாருங்கள். விற்றவர் போனை எடுக்காவிட்டால் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள், ஆனால் ரேடியேற்றர் சண்டையை அதோடு கலக்காதீர்கள். முதலில் கார் உங்கள் பெயருக்கு வரட்டும்.

கிளிநொச்சிக்குப் போகும்போது இரண்டாவது சாவியை எடுத்துப் போக வேண்டாம். இன்றைக்கே அம்மாவிடம் கொடுத்து, அவ பூட்டி வைக்கட்டும்.