தொழில் மந்தம்: ரூம் வாடகையைக் குறைக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர், 20 ரூம் லாட்ஜ்): பனியன் கம்பெனிகளில் ஆர்டர் இல்லை, வெளியூர் ஆட்கள் வரத்து குறைந்து பாதி ரூம் காலி. பக்கத்து லாட்ஜில் 30 சதவீதம் குறைத்துவிட்டார்கள். நானும் குறைக்கட்டுமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் கணக்குப் போடுங்கள். வாடகை 2,000. சலவை, கரண்ட், சோப்பு, டிபன் எல்லாம் சேர்த்து ரூமுக்கு 400 செலவு என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 1,600. 10 ரூம் போனால் 16,000. வாடகையை 1,400 ஆக்கினால் ரூமுக்கு 1,000தான் நிற்கும். அதே 16,000 வர 16 ரூம் போக வேண்டும். அந்த ஆறு பேர் எங்கிருந்து வருவார்கள்? ரூம் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாரும் திருப்பூருக்கு ரயில் ஏறுவதில்லை. பக்கத்து லாட்ஜிலிருந்து இழுத்தால்தான் உண்டு. அவர் மறுநாளே இன்னும் 100 குறைப்பார்.

கேள்வி (அவரே): அப்போ காலியாகவே போட்டு வைப்பதா?

பதில்: வேண்டாம். போர்டில் உள்ள வாடகையைத் தொடாமல் வேறு வழியில் கொடுங்கள். சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வருகிறவர் விடியற்காலையில் பையோடு ரிசப்ஷனில் நிற்பார். 'செக்-இன் 12 மணிக்குத்தான்' என்று சொல்லாமல் உடனே சாவியைக் கொடுங்கள். ரூம் எப்படியும் காலிதான், உங்களுக்குச் செலவு வெந்நீர் மட்டும். அவருக்கோ அரை நாள் வாடகை மிச்சம், அதை மறக்க மாட்டார். இரண்டு நாள் தங்கினால் மூன்றாம் நாள் பாதி வாடகை என்பதும் நல்ல வழிதான்.

கேள்வி (மதுரை): ஆன்லைனில் மட்டும் குறைத்தால் யாருக்குத் தெரியும்?

பதில்: எல்லோருக்கும் தெரியும். நான் மேனேஜராக இருந்த ஓட்டலில் அப்படித்தான் செய்தோம். மாதம் தவறாமல் வரும் கம்பெனிக்காரர் ஒருவர் 1,800 ரூபாய் பில்லை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் செல்போனை நீட்டினார். அதில் எங்கள் ரூம் 1,300. 'இத்தனை நாள் என்னிடம் அதிகமாகவா வாங்கினீர்கள்?' என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கம்பெனியிடம் பழைய வாடகைக்குத் திரும்ப மூன்று வருடம் ஆனது. அந்த 1,300-லும் ஆன்லைன் புக்கிங் தளத்துக்கு 20 சதவீதம் கமிஷன் போனால் மிஞ்சுவது 1,040.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோதும் இதையே கண்டார்கள்: அக்கம்பக்கத்தைவிடக் கூடுதல் வாடகை வைத்தவர்களுக்கு ரூம் குறைவாகப் போனாலும், மொத்த ரூம்களுக்குமான சராசரி வருமானம் கூடுதலாக இருந்தது.

கேள்வி (கொடைக்கானல்): எனக்கு 8,000 ரூபாய் காட்டேஜ். நானும் குறைக்கக் கூடாதா அண்ணா?

பதில்: நீங்கள் குறைக்கலாம் தம்பி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. 8,000 என்றால் வருகிறவர் கட்டுவது 9,440. 7,500 என்றால் 7,875. நீங்கள் விடுவது 500, அவருக்கு மிச்சம் 1,565. ஆனால் 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரி வரவு (நீங்கள் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) கிடையாது, அதை மட்டும் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி (பயணி): இந்த நேரத்தில் பேரம் பேசலாமா?

பதில்: தாராளமாக. ஆன்லைனில் விலையைப் பார்த்துவிட்டு, லாட்ஜுக்கே போன் போடுங்கள். கமிஷன் மிச்சமாவதால் டிபனாவது சேர்த்துத் தருவார்கள். திருப்பூர் மாதிரி தொழில் ஊரில், வேலையாக வருகிறவர்கள் குறைவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேட்டுப் பாருங்கள்.