பதினாறு வாரமும் அந்த ஆறு கிலோமீட்டரும்

அன்புள்ள சார்,

கோவையிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டர், ஓடினேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பதினாறு வாரம் பயிற்சி எடுத்தேன், ஒரு நாள்கூட விடவில்லை. நீள ஓட்டம் 19 கிலோமீட்டர் வரை போனேன். சாப்பாடு, தூக்கம் எல்லாம் கணக்காக இருந்தது. அன்றைக்கு முதல் ஐந்து கிலோமீட்டர் 27 நிமிடம் 40 நொடி. பத்து முடிந்தபோது 56:10. பதினைந்தில் 1:28. அதற்கப்புறம் கால் வரவில்லை. நடந்து, ஓடி, மறுபடி நடந்து 2:19-ல் முடித்தேன். இத்தனைக்கும் வெயில்கூட இல்லை, 24 டிகிரிதான். தினமும் நான்கரை மணிக்கு எழுந்து காபி போட்டுக் கொடுத்த மனைவியிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதினாறு வாரமும் வீணா சார்? வாட்ச் பதிவுகளை இணைத்திருக்கிறேன்.

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் பதிவுகளை இரண்டு முறை பொறுமையாகப் பார்த்தேன். பதினைந்தாவது கிலோமீட்டருக்கு அப்புறம்தான் எல்லாம் கெட்டது என்று நினைக்கிறீர்கள். கெட்டது மூன்றாவது கிலோமீட்டரிலேயே. அங்கே உங்கள் இதயத்துடிப்பு 171. கோவை ரேஸ்கோர்ஸ் சுற்றில் இதே வேகத்தில் ஓடிய நாட்களில் அது 160-ஐத் தாண்டவே இல்லை. கால் அதேதான், வேகமும் ஏறக்குறைய அதேதான். ஊர் மட்டும் வேறு.

"24 டிகிரிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் பார்க்க வேண்டியது டிகிரியை மட்டும் அல்ல, காற்றின் ஈரத்தையும். ஓடும்போது நாம் செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டித் தரையில் விழுந்த வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கோவையில் ஜனவரி விடியற்காலையில் ஓடி முடித்துக் கொஞ்ச நேரம் நின்றால் பனியன் காயத் தொடங்கிவிடும். சென்னைக் கடற்கரைப் பக்கம் அதே மாதம், அதே நேரம், காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். வியர்வை போக வழியில்லாமல் பனியன் விளிம்பிலிருந்து தொடைக்கு இறங்கி, முழங்காலைத் தாண்டி, ஷூவுக்குள் போய்ச் சேரும். எட்டாவது, ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒவ்வொரு அடிக்கும் சாக்ஸ் சளக் சளக் என்று சத்தம் போடுவது இங்கே ஓடுகிற எல்லோருக்கும் பழக்கம். உங்களுக்கும் அன்றைக்கு அது கேட்டிருக்கும்.

சூடு வெளியே போகாதபோது உடம்பு ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்புகிறது. வியர்க்க வியர்க்க ரத்தத்தின் நீரும் குறைகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் குறைந்துபோக, அதே வேகத்தில் ஓட அது இன்னும் அடிக்கடி துடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் வேகம் ஏறாமலே உங்கள் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. இதோடு இன்னொன்று. இரண்டு மணி நேரத்தில் முடிக்க கிலோமீட்டருக்கு 5:41 போதும், ஐந்து கிலோமீட்டருக்கு 28:26. நீங்கள் 46 நொடி முந்திப் போயிருக்கிறீர்கள். கூட்டமும் மேளச்சத்தமும் யாரையும் இழுக்கும். கோவையாக இருந்தால் அந்த 46 நொடியை உடம்பு பொறுத்துக்கொண்டிருக்கும். இங்கே பொறுக்கவில்லை.

வீணா என்று கேட்கிறீர்கள். இல்லை, கே. நூற்றுக்கு நூறு இல்லை. அந்தத் துடிப்பில் பதினைந்து கிலோமீட்டர் வந்துவிட்டு, மீதி ஆறையும் சொந்தக் காலில் முடித்திருக்கிறீர்கள். பயிற்சி இல்லாத உடம்பு அதைச் செய்யாது. நாலு மாதம் சேர்த்த பலம் ஒரே காலையில் எங்கேயும் போய்விடாது, உங்களிடம்தான் இருக்கிறது.

பவுலா ராட்கிளிஃபை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2003-ல் லண்டனில் 2:15:25-ல் மாரத்தானை முடித்து உலக சாதனை வைத்தவர். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் அவர்தான் ஜெயிப்பார் என்று இங்கிலாந்தே காத்திருந்தது. ஆகஸ்ட் 22 மாலை, சுடுகிற சாலையில், 36 கிலோமீட்டர் வாக்கில் அவர் நின்றுவிட்டார். சாலையோரம் உட்கார்ந்து அழுததை உலகமே டிவியில் பார்த்தது. போட்டிக்குச் சற்று முன்பு காலில் ஏற்பட்ட காயத்துக்குச் சாப்பிட்ட மருந்து வயிற்றைக் கெடுத்து, உணவு உடம்பில் ஒட்டவில்லை என்று பிறகு சொன்னார். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. ஐந்தே நாள் கழித்து 10,000 மீட்டரில் இறங்கினார். அதையும் பாதியில் விட்டார். பிறகு, அந்த மாலையிலிருந்து பதினொரு வாரத்தில், நவம்பர் 7 அன்று நியூயார்க் மாரத்தானில் நாலு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முதலாவதாக வந்தார். ஏதென்ஸில் அவரிடம் இருந்த பலம்தான் நியூயார்க்கிலும் இருந்திருக்கும். நடுவில் உடம்புக்கு அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த ஐந்து நாள் அவசரம் எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். எனக்கும் இப்படி ஒரு போட்டி கெட்டுப்போனது. பதினேழாவது கிலோமீட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலைத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஓடிவந்து, உப்புத் தொட்ட ஆரஞ்சுச் சுளை ஒன்றைக் கையில் வைத்து, "மெதுவா சாப்பிடுங்க அங்கிள், அவசரமே இல்ல" என்றாள். எப்படியோ முடித்தேன். வீட்டில் யாரிடமும் பேசாமல் மெடலை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அன்றிரவே, மூன்று வாரத்தில் இருந்த இன்னொரு போட்டிக்குப் பணம் கட்டினேன். அதில் முழங்கால் போய், ஐந்து மாதம் ஓட முடியவில்லை. தோற்ற ஒரு காலைக்கு அந்த ஐந்து மாதத்தை நான் கொடுத்திருக்கவே கூடாது. அதனால் கேட்டுக்கொள்கிறேன், இந்த வாரம் எதற்கும் பெயர் கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் நடங்கள், மனம் போனபடி கொஞ்சம் ஓடுங்கள்.

அப்புறம் கோவையிலேயே ஒரு போட்டி பாருங்கள். நீங்கள் தயாரானது அந்தக் காற்றுக்கு. அங்கே இரண்டு மணி நேரம் உங்களுக்கு எட்டும் என்று உங்கள் பதிவுகளைப் பார்த்து உறுதியாகச் சொல்வேன். சென்னையிலேயே முடிக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், பத்து நாளிலிருந்து பதினாலு நாள் முன்னதாக வாருங்கள். அந்த அவகாசத்தில் ரத்தத்தின் நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் வெளியேறும் உப்பும் குறையும். அவ்வளவு லீவு கிடைக்காது என்றால், கோவையில் கடைசி இரண்டு வாரம் மாலை நாலு மணிக்கு மெதுவாக ஓடிப் பழகலாம். போட்டியன்று முதல் ஐந்து கிலோமீட்டருக்கு வேகத்தைப் பார்க்காமல் துடிப்பை மட்டும் பாருங்கள். 160 தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், யார் முந்தினாலும் சரி.

மனைவியிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சாக்ஸ் சத்தத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும். பதினாறு வாரம் நான்கரைக்கு எழுந்தவருக்கு அந்தக் கடைசி ஆறு கிலோமீட்டர் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். நான் என் வீட்டில் அதைச் சொல்ல ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த தடவை சென்னை வரும்போது முன்கூட்டியே எழுதுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் காலை ஐந்து மணிக்கு நான் இருப்பேன், சேர்ந்து ஓடலாம். மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்து வாருங்கள்.