வாசகர் கேள்வி – பதில்: பிராக்கில் இரண்டு நாள்

கேள்வி: செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் எனக்கும் என் கணவருக்கும் இரண்டே நாள்கள்தாம் கிடைக்கும். எவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வல்தாவா ஆற்றை விட்டு அதிகம் விலகாதீர்கள், பழைய நகரத்தின் முக்கிய இடங்கள் அதன் இரு கரைகளிலும் நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன. முதல் நாள் விடியற்காலையிலேயே சார்லஸ் பாலத்துக்குச் சென்றுவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அங்கே சிலைகளைவிட மனிதத் தலைகளே அதிகம் தெரியும். முன்பிருந்த ஜூடித் பாலம் 1342-ஆம் ஆண்டு வெள்ளத்தில் இடிந்த பின், மன்னர் நான்காம் சார்லஸ் 1357-இல் தொடங்கிவைத்த கல்பாலம் இது. இருபுறமும் நிற்கும் 30 சிலைகளும் அந்தக் காலத்தவை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலானவை 1683-க்குப் பின் வந்தவை, மழையிலும் பனியிலும் மூலச்சிலைகள் சிதைந்ததால் இன்று நிற்பவற்றுள் பல பிரதிகளே. அவற்றுள் முதலில் வைக்கப்பட்டது, அரசர் நான்காம் வென்செஸ்லாஸின் ஆணைப்படி 1393-இல் இந்த ஆற்றில் வீசப்பட்ட குருவான புனித நெபோமுக் யோவானின் வெண்கலச் சிலை. அதன் பீடத்திலுள்ள தகடுகள், தொடுவோரின் கைபட்டுப் பளபளக்கின்றன.

பாலத்தைக் கடந்து மாலா ஸ்த்ரானா பகுதிக்குள் சிறிது தூரம் சென்றால், வெற்றி அன்னை தேவாலயம் வரும். நம் ஊர்களில் வீடுகளிலும் கோயில்களிலும் வணங்கப்படும் ‘குழந்தை இயேசு’வின் மூல உருவம் இங்கேதான் இருக்கிறது. லோப்கோவிட்ஸ் குடும்பத்துப் பொலிக்சேனா 1628-இல் கார்மேல் துறவியருக்கு அளித்த இந்தச் சிலை, முழங்கை நீளமே உள்ள மெழுகு பூசிய மர உருவம். திருவழிபாட்டுக் காலத்துக்கேற்ப அதன் அங்கியை மாற்றுகிறார்கள். திருச்சியிலிருந்து செல்லும் நீங்கள் இதைத் தவறவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரண்டாம் நாள் 22-ஆம் எண் டிராமில் கோட்டைக்கு ஏறி, இறங்கும்போது நடந்து வாருங்கள். அங்குள்ள புனித வீட்டஸ் பேராலயத்தின் பணி 1344-இல் தொடங்கி 1929-இல்தான் நிறைவெய்தியது. பழைய நகரச் சதுக்கத்திலுள்ள 1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தின் முன் ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் திரள்கிறது. அப்போஸ்தலர் பொம்மைகளின் அந்தச் சிறு ஊர்வலத்தைவிட, சூரியனும் சந்திரனும் இருக்கும் இடத்தையும், சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணப்படும் பழைய பொஹீமிய மணியையும் ஒருசேரக் காட்டும் அதன் முகப்பே நின்று பார்க்கத்தக்கது.

கேள்வி: அங்கே யூரோ செல்லுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: செக் நாட்டின் நாணயம் கொருனா. சில கடைகள் யூரோவை வாங்கினாலும், அவர்கள் தரும் மாற்று விகிதம் உங்களுக்கு நட்டமாகவே அமையக்கூடும். டிராமில் காகிதப் பயணச்சீட்டை வைத்திருந்தால் மட்டும் போதாது. ஏறியதும் பெட்டியிலுள்ள சிறு இயந்திரத்தில் அதற்கு முத்திரை இட்டுக்கொள்ள வேண்டும்.