யூதப் பெண்கள் சொந்த முடியை மறைக்க அதைவிட அழகான விக் வைத்துக்கொள்கிறார்களே, இது என்ன கணக்கு?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: உள்ளத்தின் அழகுதான் பெரிது என்று சொல்கிற மதத்தில் வெள்ளிக் கிண்ணமும் வெல்வெட் துணியும் எதற்கு?

எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. ஆராய்ச்சி வேலைக்காக ஜெருசலேமில் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு வயதான தம்பதியின் வீட்டு மாடியில் வாடகைக்கு ஓர் அறை. இரண்டு பேருமே பக்தியுள்ளவர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும், அன்றைக்கு யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது என்று என்னைக் கீழே கூப்பிட்டுவிடுவார்கள். அந்த மேஜையில் பார்த்ததும் கேட்டதும், அதற்கப்புறம் நானாகத் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதில்.

ஜெருசலேமில் வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது ஊர் முழுக்கச் சைரன் ஊதும். அதற்குள் வீட்டுக்காரம்மா மெழுகுவத்தி ஏற்றிவிடுவார். மேஜையில் வெள்ளை விரிப்பு, வெள்ளிக் கிண்ணம், பூவேலை செய்த துணியால் மூடிய இரண்டு பின்னல் ரொட்டி. ரொட்டியை ஏன் மூடி வைக்கிறார்கள் தெரியுமா? முதல் ஆசீர்வாதம் திராட்சை ரசத்துக்குப் போகிறது. அதைப் பார்த்து ரொட்டி மனசு நோகக் கூடாதாம். வேறு விளக்கமும் சொல்வார்கள், எனக்குப் பிடித்தது இதுதான்.

ரசத்துக்கு ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்னால் பெரியவர் மனைவியைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடுவார். 'ஏஷெத் ஹாயில்' என்று பெயர். நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தின் கடைசி 22 வசனங்கள் அவை. ஒவ்வொன்றும் எபிரேய அகரவரிசையில் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும், நம் ஆத்திசூடி மாதிரி. பொருள், குணமுள்ள மனைவியின் புகழ். கடைசிக்கு முந்திய வசனம் சொல்வது இது: வசீகரம் பொய், அழகு வீண், கடவுளுக்கு அஞ்சுகிற பெண்ணே புகழப்படுவாள். அந்த இடம் வரும்போது பெரியவரின் குரல் இறங்கிவிடும். வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அதே பாட்டில் கொஞ்சம் முன்னால், அவள் மெல்லிய நூலாடையும் அரசர்கள் உடுத்தும் ஊதா நிறத் துணியும் உடுத்தியிருக்கிறாள் என்றும் வருகிறது. அழகு வீண் என்றால் இந்தத் துணி எதற்கு? ஒரு வாரம் இதைக் கேட்டே விட்டேன். பெரியவர் நேராகப் பதில் சொல்லவில்லை, ஒரு கண்ணாடிக் கதை சொன்னார்.

எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பிய இஸ்ரவேலர், மோசேயின் தலைமையில் பாலைவனத்தில் கூடாரக் கோயில் கட்டுகிறார்கள். மக்கள் பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெண்கள் தாங்கள் முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகளைக் கொண்டுவருகிறார்கள். குருமார்கள் கை கால் கழுவும் தொட்டி அந்தக் கண்ணாடிகளில்தான் செய்யப்பட்டது என்று யாத்திராகமம் 38-ஆம் அதிகாரம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. மீதியை மித்ராஷ், அதாவது வேதத்துக்குப் பழைய ரப்பிகள் (யூத மதகுருக்கள்) சொன்ன விளக்கக் கதைகள், சொல்கிறது. 11-ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷியும் அதை எடுத்து எழுதியிருக்கிறார். மோசேக்கு அருவருப்பு. ஆசையைத் தூண்டுகிற, சிங்காரத்துக்கான சாமான் கோயிலுக்கா? கடவுள் சொல்கிறார்: வாங்கிக்கொள், மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இவைதான் பிரியம். எகிப்தில் அடிமை வேலை செய்து நொந்து கிடந்த கணவர்களிடம் இந்தப் பெண்கள் சாப்பாடும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊட்டிவிட்டு, கண்ணாடியில் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பார்த்து, "உன்னைவிட நான்தான் அழகு" என்று சீண்டினார்கள். அப்படித்தான் பிள்ளைகள் பிறந்தார்கள், ஒரு மக்கள்கூட்டமே பிழைத்தது.

புனிதமான பாத்திரத்தின் மூலப்பொருளே மேக்கப் கண்ணாடி! இதைக் கேட்டபிறகு, உடம்பின் அழகு ஒரு பக்கம், ஆன்மாவின் அழகு எதிர்ப்பக்கம் என்று கோடு போடுவதை விட்டுவிட்டேன். அழகாக இருக்கலாமா என்பதில்லை அவர்கள் கேட்பது. அந்த அழகு யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.

எல்லாரும் ஒத்துப்போகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பழைய ரப்பிகளின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தல்மூத் என்ற நூலில் ரப்பி யெகோசுவா பென் ஹனனியா என்று ஒருவர் வருகிறார், பார்க்க லட்சணமாக இருக்க மாட்டார். "இவ்வளவு அறிவு, இப்படி ஓர் அவலட்சணமான பாத்திரத்திலா?" என்று ரோமச் சக்கரவர்த்தியின் மகள் கேட்கிறாள். உன் அப்பா திராட்சை ரசத்தை எதில் வைக்கிறார், மண்பானையிலா, நீங்கள் தங்கத்திலும் வெள்ளியிலும் வைக்கலாமே என்கிறார் அவர். அவளும் போய் மாற்றி வைக்க, ரசம் புளித்துப்போகிறது. அழகாக இருக்கிற அறிஞர்களும் இருக்கிறார்களே என்று கேட்டதற்கு, அழகில்லாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாகக் கற்றிருப்பார்கள் என்றாராம். வயிற்றெரிச்சலோ என்னவோ!

வெள்ளிக் கிண்ணத்துக்கு வருகிறேன். கட்டளையைச் செய்தால் மட்டும் போதாது, அழகாகச் செய் என்பது அவர்களிடம் ஒரு கொள்கை. 'ஹிதூர் மிட்ஸ்வா' என்பார்கள். இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கூடாரப் பண்டிகைக்கு முந்திய வாரம் எத்ரோக் கடைக்குப் போக வேண்டும். எத்ரோக் நம் நார்த்தங்காய், கடாரங்காய் வகையறா, அந்தப் பண்டிகை வழிபாட்டில் கையில் பிடிக்கிற காய். தாடிக்காரர்கள் நகைக்கடைக்காரர் மாதிரி பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, தோலில் ஒரு புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொரு காயாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நுனிக் காம்பு ஒடிந்துவிட்டால் தீர்ந்தது, பூஜைக்கு ஆகாது. ஊறுகாய்க்குக் கூட நாம் இவ்வளவு பார்ப்பதில்லை. ஆனால் இதற்கும் தல்மூத் ஒரு கடிவாளம் போடுகிறது: அழகுக்காகக் கூடுதலாகச் செலவு செய்வது மூன்றில் ஒரு பங்கு வரை.

அப்புறம், உள்ளே போகப் போக எளிமை. தோரா என்ற அவர்களுடைய வேதச் சுருளுக்கு வெளியே வெல்வெட் உறை, வெள்ளிக் கிரீடம், தொங்குமணிகள். திறந்தால் தோலில் இறகால் எழுதிய வெறும் கறுப்பு எழுத்து. ஒரு பூ கிடையாது, படம் கிடையாது. பொன் மையில் எழுதினால் அந்தச் சுருள் செல்லாது.

இதில் நானே ஒரு பாடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று சந்தையில் நீலப் பீங்கானில் ஓர் அழகான மெசூசா பெட்டி வாங்கினேன். நிலைக்காலில் பொருத்துவார்களே, அதுதான். வீட்டுக்காரம்மா வாங்கிப் பார்த்து, பின்பக்கம் திறந்து, உள்ளே இருந்ததை விரலால் உருவினார். அச்சடித்த காகிதம். முறைப்படி அது 22 வரி வேதவசனம் கையால் எழுதிய தோலாக இருக்க வேண்டும். காசு கொடுக்க வேண்டியது அந்தத் தோலுக்குத்தான். காகிதத்தைச் சுருட்டி மறுபடி உள்ளே வைத்து, "பெட்டி நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

இனி விக். இதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. செபார்தி யூதர்களின் (ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழிவந்தவர்கள்) தலைமை ரப்பியாக இருந்த ஒவாதியா யோசெப் விக் கூடவே கூடாது, துணிதான் என்றார். லுபாவிச் என்ற பக்தி இயக்கத்தின் தலைவராக இருந்த ரப்பி மெனாகெம் மெண்டல் ஷ்னீயர்சனோ விக்தான் நல்லது என்றார்: துணி என்றால் நாலு பேர் முன்னால் கூச்சத்தில் நழுவ விடத் தோன்றும், விக்கை அப்படிக் கழற்ற முடியாது. மதச் சட்டப்படி கல்யாணமான பெண் மறைக்க வேண்டியது சொந்த முடி, அவ்வளவுதான். அவலட்சணமாக இரு என்று சட்டம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரம்மா வார நாளில் துணி, வெள்ளிக்கிழமைக்கு விக்.

2004-இல் இந்தச் சண்டைக்குள் நம் திருப்பதி வந்து விழுந்தது. விக்குகளில் இருப்பது திருமலையில் பக்தர்கள் இறக்கிய முடி, அது விக்கிரகத்துக்குப் படைத்த பொருள், ஆகவே தொடக் கூடாது என்று ஜெருசலேமின் ரப்பி எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னார். அதற்கு முன்னால் லண்டனிலிருந்து ஒரு ரப்பி திருமலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நியூயார்க்கின் புரூக்ளினிலும் இஸ்ரேலின் பினே பிராக்கிலும் தெருவில் விக்குகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். வீட்டுக்காரம்மாவின் விக் பெட்டியில் ஐரோப்பிய முடி என்றுதான் போட்டிருந்ததாம். இருந்தாலும் மனசு ஒப்பாமல் அதையும் தீயில் போட்டுவிட்டார். பத்து வருடம் கழித்து என்னிடம் கேட்டார்: "அங்கே முடியைச் சாமிக்குக் கொடுக்கிறீர்களா, இல்லை, வெறுமனே எடுத்துவிடுகிறீர்களா?"

நேர்த்திக்கடன், கல்யாணகட்டா எல்லாம் விளக்கினேன். எனக்கே முதல் மொட்டை அங்கேதான் என்றேன். என் அம்மா இடுப்பு வரை இருந்த பின்னலைக் கொடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டு வந்ததையும் சொன்னேன். அழகை இறக்கிவைக்கத்தான் அங்கே போகிறோம் என்றேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த விக் எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது" என்றார். "எரிக்கும்போது அழுதேன். இவரும்தான்."

பெரியவர் உள்ளே ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தி, "அழகு வீண் என்ற வரி வரும்போது முனகுவார், கவனித்திருக்கிறாயா? கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான்" என்றார்.