ஹெலிகாப்டர் பயிற்சிக்காக வீட்டு மனையை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51, கோவையில் தனியார் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் 20 வயது மகன், ஹெலிகாப்டர் விமானியாக விரும்புகிறான். அமெரிக்காவில் ஓராண்டுப் பயிற்சிக்குத் தங்கும் செலவு உட்பட 45 லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். பி.எஃப். 18 லட்சம், வங்கி டெபாசிட் 12 லட்சம், 35 லட்சம் பெறுமானமுள்ள மனை ஆகியவையே என் சேமிப்பு. மகள் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். மனையை விற்றுப் பயிற்சிக்கு அனுப்பலாமா?

பதில்: இப்போது விற்க வேண்டாம். பள்ளி சொல்லும் 45 லட்சம், உரிமம் கைக்கு வரும் வரையிலான செலவுதான்; சம்பளம் வரத் தொடங்கும் வரையிலான செலவு அதைவிட அதிகம்.

அமெரிக்காவின் பொது விதிப்படி, வணிக உரிமத்துக்குக் குறைந்தது 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தந்த மதிப்பீடு அந்தக் குறைந்தபட்சத்தை வைத்துப் போடப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். ஒரு கையில் ஏற்ற இறக்கத்துக்கான கலெக்டிவ், மறு கையில் திசை சாய்ப்புக்கான சைக்ளிக், கால்களில் பெடல் என்று மூன்றையும் ஒருசேரத் திருத்திக்கொண்டே அந்தரத்தில் அசையாமல் நிற்கப் பழகுவதற்கும், எஞ்சின் நின்றால், காற்றின் விசையால் இறக்கை சுழல்வதைக் கொண்டு தரையிறக்கும் ஆட்டோரொட்டேஷன் முறையைப் பழகுவதற்கும் ஆளுக்கு ஆள் நேரம் மாறும். கூடும் ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் உண்டு என்பதால், நான் 20 சதவீதம் சேர்த்து 54 லட்சம் என்றே கணக்கிடுவேன். அது உங்கள் மொத்தச் சேமிப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல்.

அதன் பிறகும் வேலை உடனே கிடைப்பதில்லை. அமெரிக்க இளைஞர்கள் உரிமம் பெற்றதும் பயிற்றுநராகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே ஆயிரம் மணி நேரத்தை நோக்கி அனுபவம் சேர்க்கிறார்கள். ஆனால் பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் ராபின்சன் ஆர்22 ரகத்தில் கற்பிக்கவே 200 மணி நேர ஹெலிகாப்டர் அனுபவம் வேண்டும். உங்கள் மகன் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவில் சென்றால், நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் வீதமே வேலைப் பயிற்சிக்கு அனுமதி. ஓராண்டுப் படிப்புக்கு அது மூன்று மாதம். ஊர் திரும்பினால், இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகளை எழுதி உரிமத்தை மாற்ற வேண்டும். அரபிக் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய்த் தளங்களுக்குப் பறப்பவை இரட்டை டர்பைன் எஞ்சின் ஹெலிகாப்டர்கள் என்பதால் அந்த ரகத்துக்கான தனிப் பயிற்சியும் தேவை. அதே வேலைகளுக்கு, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த முன்னாள் ராணுவ விமானிகளும் விண்ணப்பிக்கிறார்கள்.

கல்விக் கடனையும் பார்த்துவிடுவோம். 10 சதவீத வட்டியில் 30 லட்சம் வாங்கினால், 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 32,200 ரூபாய். மகனுக்கு வேலை தாமதமானால் அது உங்கள் சம்பளத்தின் மீதுதான் விழும். பழைய வரி முறையில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரிக்கழிவு உண்டு என்பது சிறிய ஆறுதல்.

ஆகவே சிறு செலவிலிருந்து தொடங்குங்கள். டி.ஜி.சி.ஏ. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையும் அதன் பின் முதல் வகுப்புச் சோதனையும் முடியும் முன் எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். இதற்கிடையே, பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்து 50 சதவீதமும் பட்டத்தில் 60 சதவீதமும் இருந்தால், மகன் விமானப் படையின் ஏஎஃப்கேட் தேர்வை எழுதட்டும். பறக்கும் பிரிவுக்கு வயது வரம்பு 20 முதல் 24 வரை. தேர்வானால் 14 ஆண்டுப் பணி, பயிற்சிச் செலவு அரசுடையது. போர் விமானமா ஹெலிகாப்டரா என்பதை மட்டும் படையே முடிவு செய்யும். இந்த வழியைப் பார்க்காமல் மனையைத் தொடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அது கைகூடாமல் வெளிநாட்டுக்கே அனுப்புவதானால், மனையை விற்காமல் கடனுக்கு ஈடாக வைத்து, பி.எஃப். பணத்தை அப்படியே விட்டுவிடுங்கள். கடனும் டெபாசிட்டும் தாங்காத பள்ளி உங்களுக்கானதல்ல. கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்தவும் கூடாது. 2008 பிப்ரவரியில் நெவாடாவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் பள்ளி திடீரென மூடப்பட்டபோது, கடன் வாங்கி ஏறத்தாழ 70,000 டாலர் முன்கூட்டியே கட்டிய மாணவர்கள் உரிமமும் இல்லாமல், கட்டிய பணமும் இல்லாமல் நின்றார்கள். பறந்த மணிகளுக்கு ஏற்பப் பகுதி பகுதியாகக் கட்டணம் வாங்க எழுத்தில் ஒப்புக்கொள்ளும் பள்ளியை மட்டும் தேர்ந்தெடுங்கள். வங்கியும் அதே ஒழுங்கில் பணத்தை விடுவித்தால், எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி ஓடும். கடன் தொகைக்கு ஈடான டேர்ம் இன்சூரன்ஸை மகன் பெயரில், முதல் தவணை விடுவிக்கப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். அந்தப் பாலிசி பயிற்சி விமானிகளுக்கும் பொருந்துமா என்பதை விண்ணப்பத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.