ஃபென்டனில்: மயக்க மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: அறுவை அரங்கில் வலி தெரியாமலிருக்க தினமும் கொடுக்கிற ஃபென்டனில் மருந்து, வெளியே எப்படி ஆளைக் கொல்கிறது?

பதில்: மருந்து ஒன்றுதான். அரங்கில் மைக்ரோகிராம் கணக்கில் ஏற்றுகிறேன். மூச்சு நின்றால் காற்றுப் பையை அழுத்தத் தலைமாட்டிலேயே நிற்கிறேன். மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். பழக்கமில்லாதவருக்கு 2 மில்லிகிராமே உயிரை எடுக்கலாம். போலி மாத்திரைகளில் அது சீராகவும் கலந்திருக்காது. ஒன்று வெறும் மாவு, அடுத்தது எமன்.

இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் 'மூச்சு விடு' என்று மூளைத்தண்டு விரட்டும். அந்த விரட்டலைத்தான் இது அமுக்குகிறது. திணறலே இருக்காது. பக்கத்து அறையில் இருப்பவர்கள் 'அசந்து தூங்குகிறான், குறட்டை கேட்கிறது' என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். அது குறட்டை அல்ல. தொண்டையில் களகளவென்று சத்தம், நீலம் பாரித்த உதடு, குண்டூசித் தலையளவு சுருங்கிய கண்மணி என்றால் உடனே உலுக்கி எழுப்புங்கள். எழவில்லையா? ஆம்புலன்ஸ், நாலோக்சோன் (ஃபென்டனிலை முறிக்கும் மருந்து, மூக்கில் அடிப்பது), செயற்கை சுவாசம். நெஞ்சில் கை வைத்து மூச்சை எண்ணுங்கள்.

கேள்வி: நாலோக்சோன் அடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. 30 முதல் 90 நிமிடத்தில் அதன் வேகம் இறங்கிவிடும். உள்ளே மிச்சமிருப்பது மறுபடி அமுக்கலாம். கூடவே இருந்து மூச்சை எண்ணுங்கள்.

கேள்வி: முகத்தில் குளிர்ந்த தண்ணீர்?

பதில்: வேண்டாம். நேரம்தான் போகும்.

கேள்வி: தூளைத் தொட்டாலே சாவு என்கிறார்களே? காவலர் ஒருவர் சரிந்து விழும் வீடியோ பார்த்தேன்.

பதில்: படபடப்பு, வியர்வை, வேக மூச்சு என்றால் அது பீதி. ஃபென்டனில் மூச்சைக் குறைக்கும், கூட்டாது. ஆம்பூல் என்கிற மருந்துக் கண்ணாடிக் குப்பியை உடைக்கும்போது என் விரலில் எத்தனையோ முறை சிந்தியிருக்கிறது.

கேள்வி: அப்புறம் வலிக்குத் தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பேட்ச் மட்டும் தோல் வழியாக எப்படிப் போகிறதாம்? முன்னுக்குப் பின் முரண்!

பதில்: சரியான கேள்வி. பேட்ச் அதற்கென்றே செய்யப்பட்டது. அப்படியிருந்தும் இரத்தத்தில் உரிய அளவு சேர அரை நாளுக்கு மேல் ஆகும். 3 நாள் ஒட்டியே இருக்கும். உலர்ந்த தூள் நொடியில் போகுமா? தூளைத் தொடுவதால் விஷமேறாது என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் 2017லேயே எழுதிவிட்டார்கள். எனக்குக் கோபம் எதற்கென்றால், இந்த வதந்தியால் விழுந்து கிடப்பவரைத் தொடவே ஆட்கள் தயங்குகிறார்கள். நிஜ ஆபத்து, கழற்றிய பேட்சில் மிஞ்சியிருக்கும் மருந்து. குழந்தை எடுத்து ஒட்டிக்கொள்ளும், வாயில் போடும். பசைப்பக்கம் உள்ளே போக மடித்து, கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும்.

கேள்வி: முதுகுவலிக்கு எத்தனை மைக்ரோகிராம் பேட்ச்?

பதில்: அளவு இங்கே சொல்ல மாட்டேன். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மது, தூக்க மாத்திரை பழக்கத்தையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: மூன்று மாதம் போதைப் பழக்கத்தை விட்டிருந்த தம்பி பழைய அளவிலேயே தொடங்கினால்?

பதில்: நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். உடம்பின் தாங்குதிறன் போயிருக்கும். பழைய அளவே கொல்லும். வீட்டில் நாலோக்சோன் வையுங்கள். அடிக்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூள் கையில் பட்டுவிட்டது, சாவேனா?

பதில்: தொட்டால் சாவில்லை என்று மேலே சொல்லிவிட்டேன். சோப்பு, தண்ணீர். சானிடைசர் வேண்டாம்.