வட்டப் பாதை வேண்டாம் - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல வருடங்களாகக் கோடையில் மலைப்பாதைகளில் தனியாக நடந்து வருகிறேன். வரும் ஜனவரித் தொடக்கத்தில் முதல்முறையாகப் பனி மூடிய காட்டுப் பாதை ஒன்றில் ஒருநாள் நடை போகத் திட்டம். அந்தப் பக்கம் இதுவரை போனதில்லை. 14 கிலோமீட்டர் வட்டப் பாதை, மொத்த ஏற்றம் 700 மீட்டர். காலை 8 மணிக்குக் கிளம்பினால் மதியம் 2 மணிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஜிபிஎஸ் தடத்தைப் போனில் இறக்கிவிட்டேன். இது போதுமா? பனிக்காலத்தில் தனியாகப் போவதே தவறு என்கிறார்கள் வீட்டில்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தனியாகப் போவதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த பாதையை மாற்றியே ஆகவேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு அது ஏறத்தாழ 4 மணி நேரம் வரும். அது காய்ந்த தரைக்கான கணக்கு. யாரும் மிதிக்காத பனியில் குறைந்தது இரட்டிப்பாக்குங்கள். 8 மணி நேரம், அதுவும் நிற்காமல் நடந்தால். 45 டிகிரி வட அட்சரேகையில் ஜனவரித் தொடக்கத்தில் பகலே சுமார் 9 மணி நேரம்தான். ஒரு இடத்தில் வழி தவறினாலே மீதி நடை இருட்டில்தான்.

வட்டப் பாதையின் சிக்கல் நீளம் மட்டுமல்ல. முதல் காட்சிமுனை வரை நாலு பேர் போய்வந்து பனி இறுகியிருக்கும், நடை சுலபமாக ஓடும். அதைத் தாண்டினால் முழங்கால் ஆழம். அதற்குள் பாதி தூரம் வந்திருப்பீர்கள். திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம் என்று மனம் சொல்லும், தொடர்வீர்கள். இப்படித்தான் பார்த்தேயிராத பகுதி மாலை வெளிச்சத்துக்கும் களைத்த காலுக்கும் வந்து சேர்கிறது. அதே தடத்தில் போய்த் திரும்பும் நடையில், திரும்பும்போது எதிர்ப்படும் ஓடையும் வழுக்கும் பாறையும் ஏற்கனவே கடந்தவை. உங்கள் காலே பனியை மிதித்துத் தடம் போட்டிருக்கும்.

ஆகவே ஒருவழி 4 கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்புக் கணக்கில் நாலரை மணி நேரம் வரும். 8 மணிக்குக் கிளம்பினால் 11.30க்கு எங்கே இருந்தாலும் திரும்புங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும். அந்த நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து போனில் அலாரம் வையுங்கள்.

ஜிபிஎஸ் தடம் உதவும், அதுவே போதாது. அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் அது பத்து மீட்டர், சில சமயம் அதற்கு மேலும் தள்ளிக் காட்டும். வளைந்து ஏறும் பாதையில் அது அடுத்த வளைவாகவே இருக்கலாம். மரத்தில் அடித்த அடையாளங்களைப் பனி மறைத்திருக்கும். மரங்களுக்கு நடுவே அகலமாக, பாதை போலவே தெரியும் இடைவெளி பெரும்பாலும் ஓடையாக இருக்கும், மெல்லிய பனிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் போனவரின் காலடியையும் நம்பாதீர்கள், அவரும் வழி தவறியிருக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் நின்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு வந்த திசையைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுங்கள். திரும்பும்போது கண்ணில் படப்போவது அந்தக் காட்சிதான். மரங்கள் முடிந்து திறந்த முகடு தொடங்கும் இடத்தில் காம்பஸில் திசை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றடித்தால் அங்கே உங்கள் தடம் ஒரு மணி நேரத்துக்குள் மூடிப்போகலாம்.

குளிரில் போன் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகலாம். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடி, மின்னழுத்தம் சட்டென்று சரிவதுதான் காரணம். போனையும் பவர் பேங்கையும் உடம்பை ஒட்டிய உள்பையில், ஏரோபிளேன் மோடில் வையுங்கள். காகித வரைபடம் கட்டாயம். காம்பஸைப் படிக்கும்போது போன் அருகில் இருக்கக் கூடாது.

பனிச்சரிவு விஷயத்தில் தனி ஆளுக்குப் பேரமே கிடையாது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில் கிளம்புகின்றன. 1:25,000 வரைபடத்தில் 10 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு இருந்தால், 30 டிகிரியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 0.7 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஸ்கேலை வைத்து ஐந்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பாருங்கள்: 3.5 மில்லிமீட்டருக்குள் வந்தால் அந்தச் சரிவு வேண்டாம். அதன் அடிவாரத்தைக் கடப்பதும் வேண்டாம்; சமதரையில் நடப்பவர் மீதும் மேலிருந்து வந்து விழும். புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் டிரான்ஸீவர் கருவி இன்னொருவர் கையில் இருந்தால்தான் பயன். கிளம்பும் நாள் காலையில் அந்தப் பகுதியின் பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்துவிடுங்கள்.

உடையில் எல்லோரும் செய்யும் தவறு, கதகதப்பாகக் கிளம்புவது. லேசாகக் குளிரும்போதே நடக்கத் தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் நின்று ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். வியர்வையில் நனைந்த துணி, நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தி உள்பனியன்கூட வேண்டாம். கம்பளி அல்லது பாலியெஸ்டர். நின்றவுடன், குளிர் தெரியும் முன்பே, தடித்த ஜாக்கெட்டைப் போடுங்கள். மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று, தோலுக்கு மைனஸ் 20 போலிருக்கும். விரலோ மூக்கோ மரத்துப்போனால் பனியால் தேய்க்காதீர்கள். விரலை அக்குளில் வைத்துச் சூடேற்றி, அங்கிருந்தே திரும்புங்கள்.

இறுகிய பனிக்கும் ஐஸுக்கும் காலணிமேல் மாட்டும் சிறு முட்களான மைக்ரோஸ்பைக் போதும், ஆழமான பனிக்குப் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலத் தட்டான ஸ்னோஷூ. ஸ்னோஷூ இல்லாமல் கெண்டைக்கால் பாதிக்கு மேல் தொடர்ந்து புதைந்தால் அன்றைய நடை அவ்வளவுதான். ஊசியிலை மரங்களின் அடியில், தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே, பனி பொள்ளலாக இருக்கும், தள்ளி நடங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மேற்பரப்புதான் முதலில் உறையும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கோடையில் கால் பிசகினால் தாமதம், அவ்வளவே. பனியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆளைக் கொல்லும். அதனால் உட்கார ஒரு ஃபோம் பாய், முழு உடம்பும் நுழையும் அவசரப் பை, நடக்கும்போது போடாத இன்னொரு ஜாக்கெட், லித்தியம் பேட்டரி போட்ட ஹெட்லாம்ப், விசில். உதவி கேட்க விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதவேண்டும்.

வீட்டாரின் பயத்துக்கு ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாதை, வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி வரை செய்தி இல்லையென்றால் எந்த மீட்பு எண்ணை அழைக்கவேண்டும். சிக்னல் இல்லாத இடமென்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். அங்கே போனபின் பாதையை மாற்றாதீர்கள், தேடி வருபவர்கள் தாளில் உள்ள பாதையில்தான் தொடங்குவார்கள்.

புதிய பாதையைக் குறித்து, சம உயரக் கோடுகள் தெரியும் வரைபடப் பகுதியோடு அனுப்புங்கள். சரிவுகளை நானும் ஒருமுறை அளந்து பார்க்கிறேன்.